எந்தப் பக்கம் திருப்பினாலும்

அந்த அலமாரிய சும்மா இழுத்தா திறக்காதும்மா, கொஞ்சம் தூக்கி இழுக்கணும். ஆங், அப்படித்தான். பாருங்க, நல்லாவே பாருங்க. அவரோட ஸ்வெட்டரும் என் பழைய துணியும்தான் கிடக்கு. சங்கடமெல்லாம் படாதீங்க. இந்த வீட்டுக்காரரு முப்பத்தொரு வருஷம் ஊரார் வீட்டு அலமாரிய இப்படித்தான் குடைஞ்சாரு. இன்னிக்கு அவரு வீட்ட வேற ஒருத்தர் குடையுறாங்க. உலகம் உருண்டைன்னு சும்மாவா சொன்னாங்க.

மைக்ரோவேவா? இந்த வீட்லயா? நல்லா கேட்டீங்க போங்க. ஆறிப்போனத அடுப்புல வச்சுத்தான் சூடு பண்றேன். செல்போன் கிடையாது. கம்பியில்லாம பேசுற சாமான் ஒண்ணு கூட இந்தத் தெருவுலயே கிடையாது. வாசல் மணி கூடக் கயிறு கட்டினதுதான், நீங்களே இழுத்துட்டுத்தானே உள்ள வந்தீங்க.

ஆமா, அவரேதான். உங்களுக்கு முன்னாடி இந்த வேலைய பாத்தவரு. உங்க ஆபீஸ் கேட்ல காணவில்லைன்னு ஒட்டியிருக்கே, தொப்பி போட்ட படம், அவருதான். இன்னியோட ஒன்பது நாள். இல்லம்மா, தகவல் ஒண்ணும் இல்ல. விடுங்க. வேலைக்குச் சேந்த வாரத்துலயே உங்கள இப்படி ஒரு வீட்டுக்கு அனுப்பிட்டாங்களேன்னுதான் எனக்குப் பாவமா இருக்கு.

உக்காருங்க, டீ போட்டுட்டேன். இந்த வீட்ல நின்னுக்கிட்டு யாரும் டீ குடிக்கிறது இல்ல. அட, அஞ்சு நிமிஷம்மா. நீங்க தேடுற சத்தம் எங்கயும் ஓடிடாது.

சத்தம்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது. அது சத்தம் இல்ல, ரேடியோ அலை, வெளிச்சத்தோட பங்காளிம்பாரு. கண்ணுக்குத் தெரியாத பங்காளி. வெளிச்சம் மேகத்துல முட்டி நின்னுடும், தூசியில தொலைஞ்சு போயிடும். இது பாட்டுக்கு எல்லாத்தையும் தாண்டி வந்துடுமாம், பகல்லயும் வரும், மழையிலயும் வரும். ஆனா வந்து சேரும்போது அதுக்குத் தெம்பே இருக்காது. நட்சத்திரத்துலேந்து அவ்வளவு தூரம் நடந்து வந்த களைப்பு. அதனாலதான் அதக் கேக்க உங்க ஆபீஸ்ல இத்தாம்பெரிய தட்டு, அதனாலதான் ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். நிலாவுல யாராவது ஒரு செல்போன மறந்து வச்சுட்டு வந்தா, இந்தத் தட்டுக்கு வானத்துலயே பெரிய கூச்சல் அதுவாத்தான் இருக்கும்னு ஒரு தடவ சொன்னாரு. அப்படின்னா எதிர்வீட்டுக்காரி போன் எவ்வளவு கத்தும்னு நீயே பாத்துக்கோன்னாரு.

நீங்க சிரிக்கிறீங்க. எதிர்வீட்டுக்காரி சிரிக்கல. அவ அழுதா. அவ மகன் வெளியூர்லேந்து அனுப்பினது, இவரு ஒரு ரசீதக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. அந்தக் குடும்பம் ஆறு வருஷம் எங்ககூடப் பேசல.

தாட்சண்யமே கிடையாதும்மா அந்த மனுஷனுக்கு. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. ஏதோ ஒரு இரைச்சல், மத்தியானம் ஆனா வருது, சாயங்காலம் நின்னுடுதுன்னு ஒரு வாரம் மீன் எலும்பு மாதிரி ஒரு ஆன்டெனாவத் தோள்ல போட்டுக்கிட்டு தெருத் தெருவா அலைஞ்சாரு. எட்டாம் நாள் நம்ம வாசல்ல வந்து நிக்கிறாரு. பாத்தா, என் தையல் மிஷின் மோட்டாரு! அதுல உள்ள கரித்துண்டு தேஞ்சு பொறி தட்டுதாம். எங்கம்மா வீட்டுலேந்து நான் கொண்டு வந்த ஒரே சாமான். பெண்டாட்டியாச்சேன்னு ஒரு வார்த்தை? கிடையாது. உக்காந்து பாரத்த நிரப்பினாரு. பறிமுதல் செய்த பொருள், தையல் மிஷின் மோட்டார். உரிமையாளர், என் மனைவி. என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட்டுட்டு ரெண்டு நாள் பேசல நான். மூணாம் நாள் காலால மிதிக்கிற மிஷின் ஒண்ண எங்கேந்தோ தூக்கிட்டு வந்து வச்சாரு. அதோ மூலையில இருக்கே, அதுதான். அன்னிலேந்து என்ன தையல்காரின்னுதான் கூப்பிடுவாரு. பேரு சொன்னதே இல்ல.

குடிங்க, சூடா இருக்கும்போதே குடிங்க.

ரிட்டயர் ஆனப்ப எல்லாரும் சால்வை, கடிகாரம்னு வாங்குவாங்க. இவரு சிக்னல் தேடுற அந்தக் கைக்கருவியக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. அதாம்மா, முள்ளு ஆடுமே, பழைய மாடல். வண்டி வராத சந்துக்குள்ள எடுத்துக்கிட்டுப் போறது. தினம் துடைச்சு, பேட்டரி மாத்தி, அந்த ஆணியில மாட்டி வைப்பாரு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா மறக்க ஆரம்பிச்சது. முதல்ல சாவி. அப்புறம் வழி. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல செருப்பில்லாம நின்னாராம், யாரோ கூட்டிட்டு வந்தாங்க. இன்னொரு நாள் பக்கத்து ஊர்ல. அப்புறம் நான். அம்மா, உங்க வீட்டுக்காரரு எப்ப வருவாருன்னு என்னையே கேட்டாரு. வந்துடுவாருன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? போன தை மாசம், இல்ல, அதுக்கும் முன்னாடிலேந்து அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கல. ஊட்டினா சாப்பிடுவாரு. பொழுது சாயுற நேரத்துல மட்டும் திடுதிப்புன்னு எழுந்து வாசலுக்கு நடப்பாரு. ஒரு கண் எப்பவும் வாசல்லயே இருக்கணும். எத்தன நாள்தான் நான் தூங்காம இருக்க முடியும்?

தங்கச்சி வந்து பாத்துட்டு, இப்படியே போனா உனக்கு முன்னாடி உன் உசுரு போயிடும் அக்கான்னா. அவ பேச்சு எப்பவும் அப்படித்தான், முன்னுக்குப் பின் இருக்காது. ஆனா அந்தத் தடவ அவ சொன்னத நான் கேட்டுட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம்தாம்மா நடந்தது. நான் சமையல்கட்டுல இருக்கேன். பின்னாடிலேந்து ஒரு குரல். தையல்காரி, என் தொப்பி எங்க?

கையில இருந்த பாத்திரத்த அப்படியே கீழ போட்டுட்டேன். திரும்பிப் பாக்குறேன், மனுஷன் நிமிந்து நிக்கிறாரு. ஷேவ் பண்ணியிருக்காரு, கன்னத்துல ரத்தம். அந்தக் கருவி கையில. ஊருக்குள்ள ஒரு சிக்னல் இருக்கு, யாரோ கள்ளத்தனமா வச்சிருக்காங்க, ரெண்டு நொடிக்கு ஒரு துடிப்பு, நான் போய்ப் பிடிச்சுட்டு வரேன்னாரு. கண்ணு ரெண்டும் அப்படி மின்னுது. பேர மறந்துட்டாரு, பிள்ளை இல்லாத துக்கத்தக்கூட மறந்துட்டாரு, அந்த வேலைய மறக்கல.

ஆமாம்மா, ரெண்டு நொடிக்கு ஒண்ணு. உங்க தாள்லயும் அப்படித்தான் போட்டிருக்கா? இருக்கட்டும், சொல்லிட்டு வரேன்.

தினம் கிளம்பிடுவாரு. நான் பின்னாலயே போவேன். வேடிக்கை என்னன்னா, எந்தப் பக்கம் திருப்பினாலும் முள்ளு கடைசி வரைக்கும் ஏறி நிக்குது. கிழக்க காட்டினாலும் முழுசு, மேற்க காட்டினாலும் முழுசு. கிட்டத்துல இருக்கு, ரொம்பக் கிட்டத்துல இருக்குன்னு முணுமுணுத்துக்கிட்டே நடப்பாரு. எந்த வீட்டு முன்னாடி நின்னாலும் அந்த வீடுதான் திருடன் வீடு. தபால்காரம்மா வீட்டுக் கோழிக்கூண்டப் பிரிச்சு மேஞ்சுட்டாரு. அந்தம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னு, உங்க வீட்டுக்காரரு என் கோழிங்கள விசாரணை பண்றாரு, நீங்களும் வேடிக்கை பாக்குறீங்களேன்னு ஒரே சண்டை. எனக்குச் சிரிப்பு. எத்தன மாசத்துக்கப்புறம் சிரிச்சேன் தெரியுமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து பசிக்குதும்பாரு. தானா சாப்பிடுவாரு. தையல்காரி, நாளைக்குப் பிடிச்சுடுவேன்னு சொல்லிட்டுத் தூங்குவாரு. நானும் நாளைக்குப் பிடிச்சுடலாம்னு சொல்லுவேன்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா மறுபடியும் அந்த நாற்காலிதான்.

ஒன்பது நாளைக்கு முன்னாடி, குளிச்சுட்டு வரேன், ஆணியில கருவி இல்ல, தொப்பி இல்ல. அஞ்சே நிமிஷம். ஊரே தேடிச்சு, குறை சொல்ல முடியாது. ஆறு வருஷம் பேசாத எதிர்வீட்டுக்காரி கூட டார்ச்ச எடுத்துக்கிட்டு வந்தா. ஒரு கண்டக்டர், தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் டவுன்ல இறங்கினாருன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான், எல்லாரும் டவுனுக்கு ஓடினாங்க. அது வேற யாரோ. எந்த ஊர்லதான் தொப்பி போட்ட கிழவன் இல்ல.

இந்தப் பக்கம் தேடலையான்னு கேக்குறீங்களா? எங்க வீட்டுக்குப் பின்னாடி தெரு கிடையாதும்மா. பழைய கல்குவாரி. மலைய ரெண்டாப் பிளந்து கல்லெடுத்த இடம். அதத் தாண்டினா உங்க தட்டு. இந்தத் தெரு மலை மறைவுல இருக்கு, மோட்டார் இரைச்சல் மாதிரி பெருசா இல்லாம, சின்னதா எது துடிச்சாலும் இங்கேந்து உங்க தட்டுக்குக் கேக்காது. அந்த தைரியம்தான் எனக்கும். குவாரி உச்சிக்குப் போனாத்தான் கேக்கும். கீழ நின்னு ரெண்டு பேர் கூப்பிட்டுப் பாத்துட்டு வந்தாங்களாம். பதில் இல்லன்னு திரும்பிட்டாங்க.

உங்க ஆபீஸ்ல அந்தத் துடிப்ப முதல்ல புது நட்சத்திரம்னு நினைச்சாங்களாமே, நிஜமா? அப்புறம் எப்படித் தெரிஞ்சுதாம்? ஆமா, நட்சத்திரம்னா கிழக்க எழுந்து மேற்க சாயணும். இது வானத்தோட நகரல, ஒரே இடத்துல நிக்குது. அதனால பூமியிலதான்னு கண்டுபிடிச்சுட்டாங்க. கெட்டிக்காரங்கதான்.

அப்படித் துடிக்கிறது செத்த நட்சத்திரமாம்மா. அவரு சொல்லியிருக்காரு. எரிஞ்சு முடிஞ்சு, சுருங்கி, ஒரு ஊர் அளவுக்கு ஆயிடும். ஆனாலும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் இங்க ஒரு துடிப்பு வந்து விழும், கடிகாரம் தோத்துடும். உசுரோட இருக்குறது எதுவும் இவ்வளவு ஒழுங்காத் துடிக்காது தையல்காரி, உசுருன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்னாரு. எனக்கு அப்ப அது சும்மா பேச்சு. வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டேன்.

இல்ல, எழுந்திருக்க வேண்டாம். மாடியப் பாக்க வேண்டாம். இந்த வீட்ல இல்லம்மா அது. உங்க வண்டி ஆன்டெனா எங்க வீட்டத்தான் காட்டுதுன்னு சொன்னீங்க. சரிதான். எங்க வீட்டத் தாண்டிப் போனாலும் அதே திசைதான் காட்டும்.

அவரு சட்டைக் காலர்ல இருக்கு. இடது பக்கம், உள்மடிப்புல.

நாய் தொலைஞ்சா தேட அது கழுத்துல கட்டுறது, துடிச்சுக்கிட்டே இருக்குற குட்டி ரேடியோ. தங்கச்சி வாங்கிட்டு வந்தா. கூட ஒரு சின்னப் பெட்டி, தொலைஞ்சா அது கூவிக் காட்டும். தெருக்கோடி வரைக்கும் நல்லாக் கேக்கும். நாய்க்குக் கட்டுறதப் புருஷனுக்கு வச்சுத் தைச்சேன். அவரு சட்டை மாத்தும்போதெல்லாம் பிரிச்சு, அடுத்த சட்டையில வச்சுத் தைப்பேன். இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினாளாம்னு சொல்லுவாங்கள்ல? தன் கழுத்துல இருக்குறதத் தேடி அந்த மனுஷன் மலையேறிட்டாரு. எவ்வளவு நடந்தாலும் முள்ளு முழுசாத்தானே காட்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போயிருப்பாரு.

எனக்குத் தெரியும்மா. முதல்ல தெருவுல நின்னு நீட்டினப்ப பெட்டி கூவல. நாலாம் நாள் மொட்டை மாடிக்கு அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். குவாரிப் பக்கம் நீட்டினா லேசாக் கூவுது. காலையில அங்கதான். மத்தியானம் அங்கதான். மறுநாளும் அங்கேயேதான். ஒரு அடி நகரல. அந்த வாரம்தான் தொட்டித் தண்ணி உறைஞ்சுது. ஸ்வெட்டர் இங்கதான் இருக்கு, நீங்களே பாத்தீங்க.

சொல்லத்தான் கிளம்பினேன். உங்க கேட் வரைக்கும் வந்தேன். அவரு படத்துக்குக் கீழ, தேடிக்கொண்டிருக்கிறோம்னு எழுதியிருந்தது. படிச்சுட்டு அப்படியே நின்னேன். நான் வாயத் திறக்காத வரைக்கும் அவரு வேலைக்குப் போன மனுஷன். திரும்பி வந்துட்டேன். எப்படியும் உங்க வண்டி வரும்னு தெரியும். இவரு ஊர்ல எந்த சத்தத்தையும் நீங்க பத்து நாளைக்கு மேல விட மாட்டீங்க.

அழாதீங்கம்மா. புது வேலை, இதெல்லாம் பழகணும்.

ஒண்ணே ஒண்ணு. தனியாப் போகாதீங்க, ரெண்டு ஆளக் கூட்டிக்கிட்டுப் போங்க, சறுக்குப் பாறை. காலர நீங்க கிழிக்க வேண்டாம், என் தையல் அவ்வளவு லேசுல வராது, நான் வந்து பிரிச்சுத் தரேன். அப்புறம் அந்தப் பாரத்துல உரிமையாளர்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என் பேர எழுதுங்க. முப்பத்தொரு வருஷம், அவரு மேல ஒரு புகார் கிடையாது.

அந்த டீயக் கொண்டாங்க, ஆறிப் போச்சு, சூடு பண்ணித் தரேன். குடிச்சுட்டுக் கிளம்பலாம். அவசரம் ஒண்ணும் இல்லம்மா.