மூன்றாவது சரணத்தில் வந்த இரைச்சல்

"அக்கா பாடுறப்ப என் போனும் கூடவே பாடிச்சிடி."

கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் மாலை ரயிலில், எதிரே கம்பெனிச் சீருடையில் உட்கார்ந்திருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாடி சொல்ற?" என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

"சர்ச்சுல பாட்டுக் கச்சேரி நடந்திச்சில்ல? தொண்டைல ஆபரேஷன் ஆனதுக்கு அப்பறம் அக்கா அன்னிக்குத்தான் மொத வாட்டி பாடிச்சி. பக்கத்து ஊட்டுல ரெக்கார்டர் இரவல் வாங்கினு போயி மேடைல வெச்சேன். கூடவே போனையும் வெச்சிட்டேன். சைலண்ட்லதான் இருந்திச்சி. ஆனா கால் வந்தா போனோட சிக்னல ரெக்கார்டர் இழுத்துக்குமாம், எனக்கு இன்னா தெரியும்? மூணாவது சரணம் பூரா டர்ர், டர்ர்னு இரைச்சல். அக்கா குரலே கேக்கல."

"அந்த நேரத்துல யாருடி போன் பண்ணது?"

"மாமாதான். அத்திப்பட்டுல டியூட்டில இருந்தாரு. பொண்டாட்டி பாட்ட போன்லயாவது கேக்கலாம்னு நாலு வாட்டி அடிச்சிருக்காரு."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா கிட்ட சொன்னியா?"

"அழுதுகினேதான் போட்டுக் காட்டினேன். அக்கா முழுசா கேட்டுச்சி. 'இன்னாத்துக்குடி அழுவுற? வீணாப் போனது ரெக்கார்டிங்குதான், என் தொண்ட நல்லாத்தான் கீது. வர்ற ஞாயித்துக்கெழம திரும்பப் பாடுறேன்'னு சொல்லிடிச்சி."

"மாமா மறுபடி போன் பண்ணா?"

"பண்ண மாட்டாரு. லீவு எழுதிக் குடுத்துட்டாரு. மொத பெஞ்ச்சுல உக்காந்து கேக்கப் போறாராம்."