மூக்கு சொன்னா சரி

முதல்ல ஒரு கைக்குட்டை கிடைக்குமா சார்? சளி. எட்டு மாசமா விட்டபாடில்ல. அவசரமில்ல, யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவரட்டும். நாற்காலியக் கொஞ்சம் கிட்ட போட்டுக்கோங்களேன். அவ்வளவு தள்ளி உட்கார்ந்தா நான் கத்திப் பேசணும். கத்திப் பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது.

நாங்க நாலு பேர். பேப்பர்ல நால்வர்னுதான் எழுதுவாங்க. ஆனா பசங்க போட்டுக்கிற பனியன்ல மூணு படந்தான் இருக்கும். தலைவர் பறப்பார், அவர் உடம்பக் குண்டு துளைக்காது. தந்தி ஓடுவான். கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஊரோட அடுத்த கோடியில நிப்பான், அதனாலதான் அந்தப் பேரு. மலையக்கா கவுந்த பஸ்ஸ ஒத்தக் கையால தூக்கி ஓரமா வெப்பாங்க. நாலாவது நான். மூக்கு. மூக்க யார் சார் பனியன்ல அச்சடிப்பாங்க? எனக்கு அதுல வருத்தமெல்லாம் இல்ல. நான் இல்லாம அவங்க மூணு பேரும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க, அது எனக்குப் போதும்.

நிஜமாத்தான் சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி யாரோ எங்க சாப்பாட்டுல எதையோ கலந்துட்டாங்க. அன்னியிலேருந்து எங்க ஆபீஸுக்குள்ள எது வந்தாலும் முதல்ல என் முன்னாடி வெப்பாங்க. நான் மோந்து பார்ப்பேன். சுத்தம்னு சொல்லித் தலையாட்டுவேன். அப்புறந்தான் எடுப்பாங்க. பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடியும் அப்படித்தான், கதவிடுக்குல மூக்க வெச்சுப் பார்த்துட்டு நான் சொல்லணும். "மூக்கு சொன்னா சரி"ன்னு தலைவர் சொல்வார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவ சொல்வார்.

இத வரம்னு சொல்வாங்க. நீங்க ஒரு நாள் வெச்சுப் பாருங்க சார். கை குலுக்க வர்றவர் கையில, அவர் கடைசியா எங்க சொறிஞ்சார்னு எனக்குத் தெரியும். சிரிச்சுப் பேசுற பொம்பளையோட பல்லிடுக்குல முந்தாநாள் மாட்டின கறித்துணுக்கு தெரியும். வெள்ளச் சட்ட போட்ட பெரிய மனுஷனோட ஆறாத மூலம் தெரியும். லிஃப்ட்ல ஏறினா எட்டுப் பேரோட வயித்துக்குள்ள இருக்கிறது எல்லாத்தையும் நான் சுமக்கணும். மனுஷங்கன்னா தோல் போட்டு மூடின சாக்கட, அவ்வளவுதான். மூடி இருக்கிறதால உங்களுக்கெல்லாம் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுப்போகுது.

இன்னொண்ணும் தெரியும். பொய் சொல்றவன் உடம்புல ஒரு புளிச்ச வாடை கிளம்பும். அத வெச்சு நான் எத்தனையோ பேரப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன், உங்க டிபார்ட்மெண்ட்ல கேட்டா சொல்வாங்க. தப்பு செஞ்சவன் நாறுவான் சார். இது என் நம்பிக்கை இல்ல, என் தொழில்.

எட்டு மாசம் முன்னாடி பாலம் இடிஞ்சப்போ ஒரு இரும்புக் கம்பி என் கன்னத்துல அடிச்சுது, மூக்குக்குப் பக்கத்துல. மலையக்காதான் கல்லையெல்லாம் புரட்டிப் போட்டு, என்னத் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. ஒரு வாரம் வீக்கம், அப்புறம் சரியாயிடுச்சு. எங்க டாக்டர் ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம், எலும்புக்குள்ள சீழ் கட்டினாலும் கட்டியிருக்கும்னார். என் மூக்கப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறாரேன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன்.

அடுத்த மாசந்தான் அந்த நாத்தம் ஆரம்பிச்சுது.

ஈரத்துணிய மூட்ட கட்டி ஒரு வாரம் மூலையில போட்டுட்டு, அதுக்குள்ள ஒரு எலியும் செத்துக் கிடந்தா எப்படி இருக்கும்? அதுக்கும் மேல. தொண்டைக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும். சோத்துல கை வெச்சா சோறு நாறும், தலகாணி நாறும். ஆபீஸ்ல ரொம்ப அதிகம். அங்க யாரோ ஒருத்தர் உள்ளுக்குள்ள அழுகிட்டு இருக்காங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. சாதாரணத் தப்பு செஞ்சவன் உடம்புல இப்படி ஒரு வாடைய நான் பார்த்ததே இல்ல. இது பெரிய துரோகம்.

அதையும் நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். எனக்கு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. வேலை முடிஞ்சு வந்தா ஓடி வந்து மடியில ஏறிக்கிற பொண்ணு. ஒரு நாள் ஏறினவ உடனே இறங்கிட்டா. "அப்பா, உன்மேல நாத்தம்"னு சொல்லிட்டு அவங்கம்மா பின்னாடி போய் நின்னுக்கிட்டா. அன்னிக்கு நாலு தடவ குளிச்சேன். அப்பவும் அவ கிட்ட வரல. எவனோட அழுக்கோ என்மேல ஒட்டிக்கிட்டு என் வீடு வரைக்கும் வந்திருக்கு. என் பொண்ணு திரும்ப என் மடியில உட்காரணும், அந்த நாத்தம் போகணும். இது ஒண்ணுதான் சார் எனக்கு. மத்ததெல்லாம் அதுக்காகச் செஞ்சது.

தலைவர்னு கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகல. அவர்தான் என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுப் போய் ஜன்னலைத் திறப்பார். மூக்குக்குக் கீழ தைலம் தடவ ஆரம்பிச்சார். நாலு பேருக்கும் ஒரே மாதிரி சோப்பு வாங்கிக் கொடுத்தார், என்ன திடீர்னு சோப்புன்னு கேட்டா சிரிச்சு மழுப்பினார். கூட்டம் நடந்தா மேஜையோட அந்தக் கோடியில போய் உட்கார்ந்தார். "நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுப்பா"ன்னு என்னை அடிக்கடி அனுப்பிவெச்சார். மூக்கைத் தூர அனுப்பப் பார்க்கிறவன் எதையோ மறைக்கிறான், இல்லையா? சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.

குண்டு துளைக்காத உடம்புதான். ஆனா வயிறு உங்க வயிறு, என் வயிறு மாதிரிதான். ஒரு திங்கக்கிழமை பதினோரு மணிக்கு டீத் தட்ட நானே எடுத்துட்டு வந்தேன். அவரோட கோப்பைய முகத்துக்கிட்ட கொண்டுபோய் மோந்தேன். சுத்தம்னு சொல்லித் தலையாட்டினேன். அவர் வழக்கம்போல "மூக்கு சொன்னா சரி"ன்னுட்டு ஒரே மூச்சுல குடிச்சார். விழுந்த பிறகு அவர் கண்ணு என்னத்தான் தேடுச்சு. பயந்து தேடல சார். அங்க ஏதாவது கெட்ட காத்து பரவியிருக்கா, மத்தவங்கள வெளிய அனுப்பணுமான்னு கேட்கிற மாதிரி தேடுச்சு. எனக்கு அது எரிச்சலா இருந்துச்சு.

விசாரணைய நாங்களே எடுத்துக்கிட்டோம். மணமில்லாத விஷம்னேன், என் மூக்கு பத்தித் தெரிஞ்ச எதிரியோட வேலைன்னேன். ஜன்னல் கட்டையில மோந்து பார்த்துட்டு, வெளியாள் மூணு பேர், அவங்க மேல டயர் வாடை அடிக்குதுன்னேன். ஏதோ ஒண்ணு சொல்லணுமே. அன்னிக்கு மத்தியானமே மலையக்கா ஒரு டயர் பட்டறையோட சுவத்தப் பேர்த்துட்டு உள்ள போனாங்க. அங்க வேலை பார்த்தவங்கள்ல ஒருத்தர் இன்னும் படுக்கையிலதான் இருக்கார்னு கேள்வி.

மறுநாள் காலையில ஆபீஸ் கதவத் திறந்தேன். நாத்தம் அப்படியே இருந்துச்சு.

துணியில தங்கியிருக்கும்னு நினைச்சேன். எங்க சண்டை உடுப்பெல்லாம் ஒரு தனி அறையில இருக்கும். அதக் கொளுத்தினேன். துவைக்கிற அம்மா சாப்பாட்டு நேரத்துல உள்ள இருப்பாங்கன்னு நான் எதிர்பார்க்கல. எதிர்பார்த்திருந்தா வேற நாள் வெச்சிருப்பேன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா பொய் சொல்லக் கூடாது பாருங்க. மூணாவது நாள் ஆஸ்பத்திரியில போயிட்டாங்க. பாவம், நல்ல கை அவங்களுக்கு, எந்தக் கறையா இருந்தாலும் எடுத்துருவாங்க. "மறைஞ்சிருந்து அடிக்கிறானுங்க, ஒரு ஆளக்கூட கண்ணுல பார்க்க முடியலையே"ன்னு தந்தி சுவத்துல குத்தினான். நான் அவன் முதுகத் தட்டிக் கொடுத்தேன். தட்டும்போதுதான் கவனிச்சேன். என் பக்கம் வந்தாலே அவன் அவசர அவசரமா ஒரு புதினா மிட்டாய வாயில போட்டுக்கிறான்.

சரி, இவன்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கு ரொம்ப மெனக்கெடல. எதிரிங்க பதுங்கியிருக்காங்கன்னு ஒரு பழைய கிடங்கக் காட்டினேன். கதவிடுக்குல மோந்து பார்த்தேன். உள்ள கேஸ் நிறைஞ்சு கிடந்துச்சு. சுத்தம், போடான்னேன். அவன் விளக்கப் போட்டான். செருப்பு ஒண்ணுதான் முழுசாக் கிடைச்சுது.

இல்ல சார், அங்க நிறுத்துங்க. நீங்க என்ன கேட்க வர்றீங்கன்னு தெரியுது. மலையக்கா உங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருப்பாங்க. கேஸ் இருந்தது எனக்குத் தெரிஞ்சுதான் அனுப்பினேன். கொலைன்னே எழுதிக்கோங்க. தலைவர், துவைக்கிற அம்மா, தந்தி, மொத்தம் மூணு. ஒண்ணக்கூடக் குறைக்காதீங்க.

அக்கா விஷயத்தையும் சொல்லிடறேன். தந்திய அடக்கம் பண்ணிட்டு வந்த பிறகும் நாத்தம் போகல. மிச்சம் இருந்தது அவங்க ஒருத்தர்தான். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. என்னத் தோள்ல சுமந்தவங்க. ஆனா பொண்ணு முகம் ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் பிளாஸ்க்ல டீ எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன், தலைவருக்குப் போட்ட அதே மருந்து.

அக்கா பிளாஸ்க்கத் தொடல. சமையல்கட்டுலேருந்து ஒரு தம்ளர் தண்ணி கொண்டுவந்து என் முன்னாடி வெச்சாங்க. "தொண்ட காயுது தம்பி. குடிக்கலாமா பார்த்துச் சொல்லு"ன்னாங்க. நான் மோந்து பார்த்தேன். "சுத்தம்க்கா"ன்னேன்.

அவங்க என் எதிர்ல உட்கார்ந்து என்னையே பார்த்தாங்க.

"இது தண்ணி இல்லடா. ஊசி போட்டா தடவுவாங்களே, அந்த ஸ்பிரிட். ஒரு தம்ளர் நிறைய."

நான் தம்ளர மறுபடியும் மூக்குக்கிட்ட கொண்டுபோனேன்.

"கிடங்குக்கு எதிர்ல கடை வெச்சிருக்கிறவருக்கே கேஸ் வாடை வந்திருக்கு. ரோட்டுல போனவங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருக்காங்க. உனக்கு மட்டும் வரல. உன் மூக்கு எப்பவோ செத்துப்போச்சுடா தம்பி. அப்புறம் ஜன்னல்ல டயர் வாடை உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அப்புறம் அழ ஆரம்பிச்சாங்க. பஸ்ஸத் தூக்குற பொம்பள தேம்பித் தேம்பி அழறதப் பார்த்திருக்கீங்களா? மூக்கு ஒழுகும், எச்சில் வழியும், பார்க்க நல்லா இருக்காது. அழுதுக்கிட்டே சொன்னாங்க. நாத்தம் என்கிட்டேருந்துதான் வருதாம். அந்தக் கம்பி அடிச்ச இடத்துல உள்ளுக்குள்ள அழுகுதாம். ஏழு மாசமா எல்லாருக்கும் தெரியுமாம். "தலைவர்தான் எங்க வாயக் கட்டிப்போட்டார். மூக்குல கோளாறுன்னு சொன்னா அவன் உடைஞ்சுபோயிடுவான், யாரும் அவன் எதிர்ல முகம் சுளிக்கக் கூடாது, பக்குவமா எடுத்துச் சொல்லி நானே கூட்டிட்டுப் போறேன்னார். அந்தத் திங்கக்கிழம சாயங்காலம் உனக்குத்தான்டா டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருந்தார்."

பிளாஸ்க்க ஒரு கையால நசுக்கிப் போட்டுட்டு, இன்னொரு கையால என் சட்டையப் பிடிச்சாங்க. அடிக்கல. அப்படியே தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க. என்ன ரெண்டாவது தடவையா சுமந்தாங்க. வழி பூரா முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் வந்தாங்க.

அவங்க பேச்ச நீங்க பெரிசா எடுத்துக்காதீங்க. துக்கத்துல இருக்காங்க. அந்தத் தம்ளர் விஷயம் என் கவனக்குறைவு, மனசு வேற எங்கேயோ இருந்துச்சு. என் மூக்கு நல்லா வேலை செய்யுது. செய்யலைன்னா இந்த நாத்தம் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? கைக்குட்டைக்கு நன்றி சார். மஞ்சளாத்தான் வரும், பயப்படாதீங்க, வெறும் சளி.

நேத்து என் பொண்ணு பார்க்க வந்தா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா. ரொம்ப மாசத்துக்கு அப்புறம் என்னப் பார்த்துச் சிரிச்சா சார். உள்ளங்கையக் கண்ணாடியில வெச்சா, முகத்தக்கூட ஒட்டி வெச்சா. ஒரு தடவகூட முகம் சுளிக்கல. அப்பாடா, போயிடுச்சுன்னு நினைச்சேன். அத்தனையும் வீண்போகலன்னு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

ஆனா இன்னிக்கு இந்த அறைக்குள்ள வந்ததும் மறுபடியும் அதே நாத்தம். இங்க நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். நாற்காலியத் தள்ளிப் போட்டப்பவே லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு, சரி, நல்ல மனுஷரா இருக்காரேன்னு விட்டுட்டேன். இப்ப எந்திரிச்சுப் போய் ஜன்னலைத் திறக்கிறீங்களே, தலைவரும் இப்படித்தான் திறப்பார்.

எத்தனை நாளா சார் உங்களுக்கு இது?