தீப்பெட்டிக்குள்ள ராணி

ஐய, கொட்டாதுண்ணே. எதுக்கு அம்புட்டு தூரம் நகந்து உக்காருறீக? தீப்பெட்டிக்குள்ள ஒரு ராணித்தேனீ, தொணைக்கு நாலு எளந்தேனீ, அம்புட்டுத்தான். ஒட்டன்சத்திரத்துல ஒருத்தரு பெட்டியில ராணி செத்துப்போச்சு, அவருக்குக் குடுக்கணும்னு கெளம்புனேன். ஆமா, சிறுமலையில வாழைக்குள்ள தேன்பெட்டி வச்சிருக்கேன். வளைவு வருது, கம்பியப் புடிச்சுக்கங்க.

எம் மூஞ்சியா? ஒண்ணுமில்லண்ணே. பேசிக்கிட்டே வந்தாத் தேவல, செத்த கேளுங்க.

இந்த எளந்தேனீக ராணியவே சுத்திக்கிட்டு, அத நக்கிக்கிட்டே கெடக்கும். விவசாயக் காலேஜுல ட்ரெய்னிங் குடுத்தப்ப ஒரு மேடம் காட்டுனாக. ஒரு வாசனைய மோக்கவிட்டு, கூடவே லேசா கரெண்ட்ல ஒரு சுருக்கு. வயசான தேனீ ரெண்டு மூணு வாட்டியில கத்துக்கிருச்சு. அப்புறம் அந்த வாசனை வந்தாலே கொட்டுறதுக்குக் கொடுக்க நீட்டுது. ராணிகிட்டக் கெடந்த எளசுக கத்துக்கவே இல்லண்ணே. எத்தன வாட்டி பட்டாலும் திரும்ப அதே வாசனைக்குப் போகுது. மூளையில டோபமைன்னு ஒண்ணு ஊறுனாத்தான் பட்ட வலி ஞாபகத்துல நிக்குமாம். ராணி வாடை அத அமுக்கி வச்சுருதாம். ராணிய விட்டுத் தள்ளி வச்சா அதுகளுக்கும் பயம் வந்துருமாம்.

எம்மக அன்புக்கரசியும் அன்னைக்குக் கூட வந்திருந்தா. ஏம்ப்பா, இதுக இம்புட்டு கூறுகெட்டதுகளான்னு சிரிச்சா.

தையில கட்டிக்குடுத்தோம். மாப்ள வீடு திண்டுக்கல்லுதான். சித்திரையில வந்தவளுக்கு வளையலுக்கு மேல கன்னிப்போயிருந்துச்சு. கேட்டா, அவரு நல்லவருதாம்ப்பா, கோவம் வந்தாத்தான் அப்பிடிங்குறா. அடுத்த வாட்டி ஒதடு கிழிஞ்சிருந்துச்சு. இங்கயே இருத்தான்னு கெஞ்சுனேன். அவருக்குச் சோறாக்க யாரு இருக்கான்னு சாயந்தர பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டா. அந்த ஆள ரெண்டு போடு போடலாம்னு போனேன். அவளே குறுக்க வந்து நின்னா. திரும்பி வந்தேன்.

அப்புறந்தான் எனக்கு ரோசன வந்துச்சு. மொத ஆடிக்குப் பொண்ண அழைச்சுக்கிட்டு வர்றது வழக்கந்தானே, அவுகளும் மறுக்க முடியாது. ஒரு மாசம் அவரு வாடை படாம வச்சிருந்தாத் தெளிஞ்சுருவான்னு நெனச்சேன். சிரிக்காதீக. பெத்தவன் எதையாவது புடிச்சுத் தொங்கத்தானே செய்வான்.

தெளிஞ்சாண்ணே! மொதல்ல போனும் கையுமாத்தான் கெடந்தா. போகப்போக, போனு அடிச்சாலே ஒடம்பு தூக்கிப்போட ஆரம்பிச்சுச்சு. ஒருநா அவரு பேரப் பாத்துட்டு போனத் தலகாணிக்கு அடியில சொருகிட்டு, நான் போகலப்பா, பயமா இருக்குன்னா. எனக்கு வந்த சந்தோசத்தச் சொல்ல முடியாது. பெத்த மக பயந்துட்டான்னு ஆட்டுக்கறி எடுத்தேன்னா பாத்துக்கங்க.

போன ஞாயித்துக்கெழம அவரே வந்துட்டாரு. பூவு, பழனி பஞ்சாமிர்தம், அழுகை எல்லாத்தோடயும். நான் பெட்டியப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, ரெண்டு பேரும் ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்காக. செத்த நேரந்தாண்ணே பக்கத்துல இருந்தாரு. அவரு மாறிட்டாருப்பா, போயிட்டு வாரேன்னு பையத் தூக்கிட்டா. ஆடி முடியக்கூட இல்ல. எஞ்சொல்லு அவ காதுல ஏறவே இல்ல.

ஒட்டன்சத்திரத்துக்கு எந்த பஸ்ஸுன்னா கேக்குறீக? நான் இப்ப அங்க போகலண்ணே. இதுல ஏறுனப்புறந்தான் போனு வந்துச்சு. அவ பக்கத்து வீட்டுக்காரரு, கிதர் முகம்மதுன்னு. பெரியாஸ்பத்திரிக்கு வாங்கன்னாரு. எந்த வார்டுன்னு கேட்டேன். அழுதுக்கிட்டே, மார்ச்சுவரிக்கு வந்துருங்கன்னாரு. எம் பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல.

இதானே ஆஸ்பத்திரி ஸ்டாப்பு? எறங்குறேன். இந்தத் தீப்பெட்டிய எங்க வைக்கிறதுன்னு தெரியல, கையிலயே இருக்கட்டும்.

நீங்க மொதல்ல நகந்து உக்காந்தீகள்ல, அது நல்லதுண்ணே. பயப்படணும்.