பிரம்புக் கூடை

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் எண்ணுவது நாற்காலிகளைத்தான். கெட்ட பழக்கம் என்று சொல்ல முடியாது, தொழில் அப்படி. நீங்கள் அந்தச் சுவரோர நாற்காலியில் உட்காருங்கள், மற்றது கொஞ்சம் ஆடும். தண்ணீர் வைத்திருக்கிறேன், குடியுங்கள். உங்கள் தங்கை புது டப்பாக்கள் எடுத்துவரக் கம்பெனிக் கிடங்குக்குப் போயிருக்கிறாள். அரைமணி நேரத்தில் வந்துவிடுவாள்.

கதவைத் திறந்து "யாரு, உள்ள வாங்க" என்று நான் சொன்னதும் உங்கள் முகம் மாறியதைக் கவனித்தேன். ஏன் மாறியது என்றும் தெரியும். தங்கையிடம் சண்டை போட வந்தவர், இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள். நியாயம்தான். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாமல்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காற்றுப் புகாத டப்பா விற்கிறோம், கடையில் இல்லை, வீட்டில். ஒரு பெண் தன் வீட்டுக்குத் தோழிகளை அழைப்பாள். நான் டப்பாக்களோடு போய், தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவேன். ஒரு சொட்டு சிந்தாது. எல்லோரும் ஆளுக்கு ஒன்று எழுதிக்கொடுப்பார்கள். அழைத்தவளுக்கு ஒரு செட் பரிசு. இதற்குப் பெயர் பார்ட்டி. ஆனால் உண்மையான சரக்கு டப்பா இல்லை, அழைத்தவள்தான். அவளை நம் பக்கம் சேர்த்து, அவளையும் விற்க வைக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவளுக்கு ஆலோசகர் என்று பெயர். டப்பா விற்பவளை ஆலோசகர் என்று சொல்லக் கம்பெனிக்குக் கூசவில்லை. எனக்கும் நாலு நாளில் கூச்சம் விட்டுப் போயிற்று.

நான் சேர்ந்தது என் வீட்டுக்காரர் போன அடுத்த வருஷம். முதல் பார்ட்டி இதே அறையில். பதினேழு நாற்காலி போட்டேன், பாதி அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியது. மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தேன். ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. என்னைச் சேர்த்துவிட்ட அம்மா போனில், "அடுத்த தடவை பாத்துக்கலாம், விடுங்க" என்று வைத்துவிட்டார். நாற்காலிகளை நானே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தவர்களே வராதவர்கள் என்பதால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். என்னிடம் பார்ட்டி வைக்கும் எந்தப் பெண்ணும் இப்படி ஒரு மாலையைத் தனியாகக் கழிக்கக் கூடாது. அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறேன்.

உங்கள் தங்கை அப்போது பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்தாள். என் பல்லைக் காட்டப் போனவள் அவளைப் பார்த்தேன். ஊருக்குப் புதுசு. வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவாள், அவர்கள் போன பிறகு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது போதும். பார்ட்டி வைக்கச் சொன்னேன். பூரித்துப்போய்ச் சரி என்றாள்.

எங்கள் முறையில் அழைப்பவள் விருந்தாளிகளின் பட்டியலைப் போன் நம்பரோடு முன்கூட்டியே எங்களிடம் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நினைவுபடுத்துவோம். அவள் பதினான்கு பேர் எழுதியிருந்தாள். கிளினிக்கில் கூட வேலை செய்பவர்கள், மாடிவீட்டு அம்மா, பஸ்ஸில் பழக்கமான ஒரு டீச்சர். பதினான்கு பேரையும் கூப்பிட்டேன். பார்ட்டி ரத்து, அவளுக்கு உடம்பு சரியில்லை, யாரும் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள் என்றேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். பதினைந்து வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். பார்ட்டி நன்றாக நடந்தால் அழைத்தவள் பரிசை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி, பாக்கலாம்" என்று கதவைச் சாத்திவிடுவாள். அவளுக்கு நாம் எதற்கு? யாருமே வராத வீட்டில்தான் நாம் வேண்டியிருக்கிறோம். அவளுக்கு முன்னால் ஆறு பேரை அப்படித்தான் சேர்த்தேன். ஆறு பேரும் கொஞ்ச நாளில் தேறிப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பார்ட்டி அன்றைக்கு நாலு மணிக்கு அவள் முகத்தில் ஈயாடவில்லை. "யாருக்குமே என்னைப் புடிக்கல போலக்கா" என்றாள். "நான் இருக்கேன்ல" என்றேன். தட்டுகளைக் கழுவிக் கொடுத்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். வெகுநாள் கழித்து ஒருவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். பொய் சொல்லவில்லை, எனக்கும் அழுகை வந்தது. மறுநாள் கிளினிக்கில் ஒருத்தி, "உடம்பு தேவலையா?" என்று கேட்டாளாம். வராததற்குச் சாக்கு சொல்கிறாள் என்று என்னிடம் வந்து பொருமினாள். இந்தக் காலத்து மனுஷர்கள் அப்படித்தான் என்றேன்.

அவளும் என்னிடம் ஆலோசகராகச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நன்றாக இருந்தோம். வியாழக்கிழமை தோறும் இங்கே கூட்டம், நானும் அவளும் மட்டும். இருவருக்கும் அடித்தொண்டைக் குரல். பார்ட்டிகளில் புதிதாக வருகிறவர்கள், "நீங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்பார்கள். அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள், சும்மா சிரிப்பாள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பார்ட்டிக்குப் போகும் வழியில் சொன்னாள். "அக்கா, அம்மாவுக்கு முடியல. இதோட வேலைய விட்டுட்டு எங்கக்கா வீட்டுக்கே போயிடறேன். அம்மாவ நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்னு இருக்கோம்." எங்கக்கா என்று உங்களைச் சொன்னாள். நான் நல்லது என்றேன். டப்பாப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

இனி கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்ட்டி தொடங்கும்போது எல்லோருடைய போனையும் ஒரு பிரம்புக் கூடையில் போடச் சொல்வோம். ஒரு போன் அடித்தால் ஒருத்தி எழுவாள், அவளோடு நாலு பேர் எழுவார்கள், வியாபாரம் போயிற்று. கூடை என் காலடியில் இருக்கும். அன்றைக்கு அதில் பத்துப் போன். அவள் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரே சிரிப்பும் கைதட்டலும். ஒரு போன் மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆறாவது தடவை அதை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனேன்.

நீங்கள் அழுதுகொண்டே பேசினீர்கள். அம்மா அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மூச்சு வாங்குகிறது, உடனே கிளம்பு என்றீர்கள். நான் குரலைத் தாழ்த்தி, "என்னால இப்ப வர முடியாது. வேலையா இருக்கேன்" என்றேன். ஏழு வார்த்தைகூட இல்லை. நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். ஆர்டர் போடும் வசதியை அவள் போனில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன், அந்தப் போனைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும். வந்த அழைப்புகளை அழித்துவிட்டுக் கூடையில் திரும்ப வைத்தேன்.

அம்மா போய்விட்டார் என்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அடித்துப் பிடித்து ஓடினாள். எனக்குப் போனே வரவில்லை என்று வாசலில் நின்று அவள் கதற, வரமாட்டேன் என்று நீயே சொன்னாயே என்று நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். உங்கள் போனை எடுத்து, பேசிய அழைப்பை அவளிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். காட்டாதது எனக்கு வசதியாகப் போயிற்று. திரும்பி நேரே இங்கேதான் வந்தாள். உள்ளறைதான் இப்போது அவளுக்கு வீடு, எட்டு மாதமாகிறது. தூக்கத்தில் அம்மா அம்மா என்கிறாள். நான் எழுந்துபோய் முதுகைத் தடவிவிடுகிறேன்.

நான் செய்தது இவ்வளவுதான். மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த எட்டு மாதம் அவள் அழுதபோது பக்கத்தில் இருந்தது யார்?

லிப்ட் வந்துவிட்டது, அது அவள் நடைதான். சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அம்மாவும் இல்லாமல், தங்கையும் இல்லாமல் நீங்களும் வாடிப்போயிருக்கிறீர்கள். வந்ததிலிருந்து பார்க்கிறேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கதவைப் பார்க்கிறீர்கள். போனை இந்தக் கூடையில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்காருங்கள். சொல்லுங்கள், உங்கள் வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது?