அணுத்தாரை பட்ட உடம்பு

வாசகர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் விசேஷம், உடம்பு சுகமில்லை என்று சாக்குச் சொல்கிற எழுத்தாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். தாங்கள் கேட்பதற்கும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குற்றாலலிங்கம் பிள்ளை. திருநெல்வேலியில் ஒரு காலேஜின் சயின்ஸ் சோதனைச்சாலையைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். மாதப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையும் எழுதுகிறேன். பூமியின் ஆகாயக் கப்பல்களுக்கும் செவ்வாய்க் கிரகத்துக் கப்பல்களுக்கும் நடுவானில் நடக்கிற யுத்தம். அதில் பீரங்கி கிடையாது. காற்றே இல்லாத இடத்தில் பீரங்கிச் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? என் கப்பல்களில் இருப்பது அணுத்தாரை. அணுவிலும் சிறிய துகள்களை மின்சாரத்தால் விரட்டி ஒரே கோடாகப் பாய்ச்சுகிற யந்திரம். எதிரிக் கப்பலின் இரும்பில் கீறல்கூட விழாது, உள்ளே இருக்கிற ஆள் செத்துப்போவான். இது முழுக்க என் சொந்த யோசனை.

மேலப்பாளையம் அலி அக்பர் சாயபுவைத் தங்களுக்குத் தெரியும். ஜவுளி வியாபாரி, பத்திரிகை வந்த அன்றே என் கதையைப் படித்துவிடுகிறவர். போன வருஷம், 1912 ஆடியில், பத்தாவது அத்தியாயம் வந்ததும் ஆற்றுப் பாலத்தில் என்னை நிறுத்தினார்.

“பிள்ளைவாள், கப்பலு நல்லாத்தான் போவுது. ஆனா உம்ம ஆளுவ எல்லாம் பொசுக்குன்னு விழுந்து சாவுதானுவ. குண்டு பட்டா ஓட்டை விழும், வாளு பட்டா ரத்தம் வரும். உம்ம தாரை பட்டா என்னவே ஆவும்?”

“சாவுதான், வேற என்ன?”

“அது எனக்கும் தெரியும்வே. சாவுதவனுக்கு எப்படி இருக்கும்னு கேக்கேன்.”

வெட்கமாக இருந்தது. பத்து அத்தியாயத்தில் இருநூறு பேரைக் கொன்றிருக்கிறேன், ஒருவனுக்கு எப்படி வலித்தது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது.

சோதனைச்சாலையில் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. மின்சாரம் கொடுத்தால் உள்ளே துகள்கள் ஓடி எதிர்த் தகட்டில் மோதும். மோதிய இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வெளியே வரும். கை எலும்பு தெரிகிறது பார் என்று வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களுக்குக் காட்டுவோம். அதிக நேரம் பட்டால் தோல் வெந்துபோகும் என்று சீமைப் பத்திரிகைகளில் படித்திருந்தேன். எப்படி வேகும் என்று எந்தத் துரையும் விவரமாக எழுதவில்லை. என் கையையே வைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வலது கை எழுத வேண்டும், இடது கை தாளைப் பிடிக்க வேண்டும்.

சோதனைச்சாலைப் பியூன் சுடலைவடிவுக்கு அப்போது முதுகில் அக்கி கண்டிருந்தது. நம் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியாததில்லை. அக்கி வந்தால் குயவரிடம் போவார்கள். அவர் கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் எழுதிவிடுவார். எழுதினால் அடங்கிவிடும் என்று நம்பிக்கை. அவன் மறுநாள் காருகுறிச்சிக் குயவரிடம் போக லீவு கேட்டான்.

“ஏலே, எழுதுததுக்கு அவ்வளவு தூரம் போணுமா? நானும் எழுதுதவன்தானலே. காவியும் வேண்டாம், தொடவும் வேண்டாம்” என்றேன்.

அவன் சிரித்தான். “ஐயா எழுதுனா சரியாப் போவும்” என்று சட்டையைக் கழற்றினான்.

தினம் மத்தியானம் அரை மணி நேரம், இருபது நாள். சுவரைப் பார்த்து உட்காருவான். குழாய்க்கும் முதுகுக்கும் நாலு விரற்கடை. “சூடே தெரியலியே ஐயா” என்பான். அக்கி அடங்கியது; அது தானாகவே அடங்குகிற நோய். காலேஜ் முழுக்க என் கைராசியைச் சொல்லிக்கொண்டு திரிந்தான், ஒரு சீப்பு ஏத்தன்பழம் கொண்டுவந்து கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த இடம் சிவந்தது. பிறகு கொப்பளித்தது, பிறகு திறந்துகொண்டது. அக்கி திரும்பிவிட்டது என்று குயவரிடம் ஓடினார்கள். வெந்த புண்ணின் மேல் அவர் காவி பூசினார். அக்கி உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டப்போகிறது, முட்டினால் ஆள் தங்காது என்றாராம். அக்கிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் நம் ஊரில் இல்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரே ஒரு முறை, “ஆஸ்பத்திரியில காட்டட்டுமா ஐயா?” என்று கேட்டான். டாக்டர் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார். ஈர மருந்து போட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடும், வேண்டாம் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பாலம்மாள், “எங்க வீட்டுக்கும் ஐயா வாறாகளே” என்று முக்காலியைத் துடைத்துப் போடுவாள். எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன். மார்கழியில் ஒருநாள் குப்புறப் படுத்தபடியே சொன்னான்: “யாரோ முதுகுல பைய உல வைக்காக ஐயா. தீயக் காணும். கொதி மட்டும் தெரியுது.”

உடனே நோட்டில் குறித்துக்கொண்டேன். நான் உட்கார்ந்து யோசித்தால் அப்படி ஒரு வாக்கியம் வராது.

இதற்காகவே இத்தனை மாதம் அனுப்பாமல் நிறுத்திவைத்திருந்த பதினோராவது அத்தியாயத்தில் பூமிக் கப்பலின் தளபதி அதைச் சொல்லிவிட்டுச் சாகிறான். சாயபு வீடு தேடி வந்தார். “ரெண்டு நாளாச் சோறு எறங்கலவே” என்றார், கண் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது. அதே வாரம் சுடலைவடிவு போய்விட்டான். சுடுகாட்டில் நான் அழுதது பொய்யில்லை.

பதினாறாம் நாளுக்குக் கோடித் துணி எடுக்கப் பாலம்மாளின் அண்ணன் சாயபு கடைக்கே போயிருக்கிறான். மச்சான் பட்ட பாட்டைச் சொல்லும்போது நான் குழாயை வைத்து அக்கி எழுதியதையும் அந்த வாக்கியத்தையும் சொல்லியிருக்கிறான். சாயபு ஒரு மாதம் மனசில் வைத்துக் குமைந்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம் என்னிடம் வந்தார்.

“அந்தப் பேச்சு யாரோடது பிள்ளைவாள்?”

“தளபதியோடது.”

“எந்தத் தளபதிவே உலை வச்சான்?” என்றார். பிறகு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத் தங்களிடம் வந்துவிட்டார்.

ஆம், நான்தான் செய்தேன். கொல்ல நினைத்துச் செய்யவில்லை, எழுத நினைத்துச் செய்தேன். அந்த வாக்கியம் திருட்டு என்று சாயபு சொன்னாராமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சொன்னது ‘உல’. ‘உலை’ என்று திருத்தியது நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த யுத்தத்தில் கப்பலில் ஸ்திரீகளும் இருக்கட்டும் என்று பத்திரிகாசிரியர் எழுதியிருந்தார். பாலம்மாளுக்குக் காலேஜில் பெருக்குகிற வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான், அந்த உபகாரத்தை யாரும் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்கி ஒட்டுவாரொட்டி, வருவதற்கு முன்பே எழுதிவிட்டால் வராது என்றேன். அதே குழாய்தான், பிடரியில், இருபது நாள், நேற்று மத்தியானத்தோடு முடிந்தது. இப்போது ஒன்றும் தெரியாது, சௌக்கியமாகத்தான் இருப்பாள். மூன்று வாரம் கழித்துத் தாங்கள் யாரையாவது அனுப்பி, அவள் சொல்வதை அப்படியே எழுதி வாங்கி வரச் செய்ய வேண்டும். பேச்சுத் தமிழாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்தி நான் சேர்த்துக்கொள்கிறேன்.