சபைக்குருவின் அங்கி

டிசம்பர். மதியம் மூணு மணி. கும்மிருட்டு... துருவத்துப் பக்கம், அவ்வளவு வடக்கே, டிசம்பரில் சூரியனுக்கு அரைநாள் வேலைதானே. பனி மூடிய காட்டுப் பாதையில் ஒரே ஒரு ஆள். நம்ம விடுதி ஹில்டிங்கோட அண்ணன் ஸ்டூரே. ஹில்டிங் இங்கே இல்லை, அதனால் சொல்லலாம்.

ஈல்வா, காபியைக் கீழே வை. போன ஞாயிறுதான் குருப்பட்டம் வாங்கியிருக்கே, அங்கியில் கொட்டிக்காதே.

ஸ்டூரேவும் அப்போ புது உதவிக்குரு. அவர் போனது காட்டுக்குள்ளே ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலுக்கு; அங்கே தலைமைக் குருவான சபைக்குருவின் பதவி காலி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரே ஒரு அட்வெந்து ஆராதனை, அப்புறம் அஞ்சு மணி பஸ். மனைவிக்கு நிறைமாதம். "பிரசவத்துக்குப் பக்கத்துல இருப்பேன்"னு சத்தியம் பண்ணியிருந்தார்.

அங்கி அறையில் ஈரக் கம்பளி நாற்றம். சுவரில் பலகை... நானூறு வருஷத்துச் சபைக்குருக்களின் பெயர்கள். உதவிக்குருவுக்கு அதில் இடமில்லை. எங்கேதான் இருக்கு?

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழட்டுக் கோயில்பிள்ளை அங்கியை விரித்துப் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்து வழக்கம்: சபைக்குருவுக்கு மட்டும்தான் உடுத்திவிடுவார்கள். உதவிக்குரு தானே மாட்டிக்கணும்.

"சபைக்குரு ஐயாதானே?"

ஸ்டூரேவை அதுவரை யாரும் 'ஐயா' போட்டுக் கூப்பிட்டதில்லை. "ஆமா" என்று கையை நீட்டிவிட்டார்.

பின்னாலிருந்து குளிர்ந்த விரல்கள். கழுத்தில் கொக்கி. டிக்.

ஆராதனை நடந்தது. சனம் நன்றாகவே பாடியது. ஆனால் அந்தக் குளிரில்... ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை.

நாலே முக்கால். கொக்கி கழலவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. வாசற்படியைத் தாண்டப் போனால் அங்கி பின்னுக்கு இழுத்தது, நுனியை யாரோ மிதித்த மாதிரி. மனைவிக்குப் போன் போட்டு, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னார். இணைப்பைத் துண்டிக்காமலே கத்தினார்:

"கழற்றிவிடுங்க பெரியவரே! நான் வெறும் உதவிக்குருதான்!"

"அதை உடுத்தறதுக்கு முன்னாடி சொல்லணும் ஐயா. அடுத்த சபைக்குரு வந்தாத்தான் கழலும். முந்தினவரு எண்பத்தோரு வருஷம் காத்திருந்தாரு. நீங்க சின்ன வயசு, தாங்குவீங்க."

தூரத்தில் பஸ் கிளம்பும் சத்தம்... அதையும் மனைவி கேட்டார்.

போலீஸ் போனபோது கோயில் வெளியே பூட்டியிருந்தது. உள்ளே யாருமில்லை. பலகையில் மட்டும் ஈரம் காயாத பெயிண்ட். ஸ்டூரேவின் பெயர், வருஷம், ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

மகளுக்கு இப்போ நாலு வயசு.

இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், காலையில் விடுதிக்கு ஒரு கடிதம் வந்தது. ஈரக் கம்பளி நாற்றம். 'ஒரே ஒரு ஆராதனைக்கு உதவிக்குரு தேவை. வாசலில் என்ன கேட்டாலும், தயவுசெய்து, ஆமா என்று மட்டும் சொல்லுங்கள். என் மகளை நான் இன்னும் பார்க்கவில்லை.' கீழே சபைக்குருவின் கையெழுத்து.

உறையில் உன் பெயர்தான், ஈல்வா.