சிவக்காத பளிங்கு

காசியில், கங்கையைப் பார்த்த எங்கள் சமஸ்கிருதக் கல்லூரியின் கிழக்கறையில், முப்பத்திரண்டு ஆண்டுகள் சாங்கியம் கற்பித்து இன்று பணி நிறைவு பெறும் பண்டிதர் ஹேரம்ப ஜா அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல்.

அறிவின் ஆழமே! அமைதியின் அடையாளமே! அடுத்த அறை மாணவர்களையும் உங்கள் வாசலுக்கு இழுத்துக்கொண்ட காந்தமே!

இதை எழுதும் பணி, அந்த அடுத்த அறையில் தருக்கம் கற்பிக்கும் என்னிடம் வந்தது. ‘உவந்தளிக்கும்’ என்பது என்னளவில் பாதி உண்மை. மீதிப் பாதி பொறாமை.

சாங்கியம் சொல்வது இரண்டைத்தான். ஒன்று இயற்கை: அது இயங்கும், மாறும், உடலாகவும் மனமாகவும் விரியும். மற்றது உணர்வு: அது பார்க்கும், அவ்வளவே. அப்படியானால் மனத்தின் துயரம் பார்ப்பவனின் துயரமாகத் தோன்றுவது எப்படி? இதை விளக்க எனக்கு இருபது நாள் வேண்டும். நீங்களோ மேசையில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பளிங்குக் கல்லை வைத்து, அதை ஒட்டி ஒரு செம்பருத்தியை வைப்பீர்கள். கல் சிவக்கும். பூவை நகர்த்துவீர்கள். வெளுக்கும்.

“கல்லுக்கு என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை குருஜி!”

அங்கே அறுபது குரல்கள். சுவருக்கு இப்பால் என் ஒன்பது மாணவர்களும் அதையே முணுமுணுப்பார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், துணைவேந்தர் உங்கள் வகுப்பைக் காண வந்த நாளின் காலையில், தோட்டத்துச் செம்பருத்தி முழுவதையும் பறித்துத் துர்க்கை கோயிலில் கொட்டியவன் நான்தான். பூசாரி என் பக்தியை மெச்சினார். நீங்கள் திண்டாடுவதைக் காணக் கதவருகே நின்றேன். நேரே என்னிடம் வந்தீர்கள்.

“உபாத்யாய்ஜி, தோள்ல கிடக்குற அந்தச் சிவப்புத் துண்டைக் குடுங்க. துர்க்கையம்மாவுக்கு இன்னைக்கு நல்ல வேட்டை போல, செடியில ஒரு மொட்டுகூட மிச்சமில்ல.”

“எனக்கென்ன தெரியும்?”

“குர்தாவெல்லாம் மகரந்தம். தருக்க வாத்தியாருக்கு அனுமானம் நான் சொல்லித் தரணுமா?”

என் துண்டால் கல் சிவந்தது. துணைவேந்தர் கைதட்டினார். மாலையில் துண்டை மடித்துத் திருப்பித் தந்தீர்கள். இன்றுவரை யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றே என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். இரட்டித்தது. நன்றாகக் கற்பிப்பவர் நல்லவராகவும் இருந்தால் மற்றவர்கள் என்னதான் செய்வது?

திங்கள் முதல் உங்கள் வகுப்பு என்னுடையது. இத்தனை ஆண்டுகள் ஏங்கிய கிழக்கறை. நேற்று ஒரு மாணவன் கேட்டான்: “நீங்க எடுத்தா பரீட்சைக்காவது புரியுமா குருஜி?” அறுபது பேர் ஒன்பதாகிவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கமில்லை.

கல்லை எனக்கு விட்டுச் செல்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அதைப் பார்த்தால் அவர்களுக்கு உங்கள் முகம்தான் தெரியும். முந்தாநாள் வீட்டில் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, பின்னால் அதே துண்டை வைத்தேன். சிவந்தது! இழுத்தேன், தெளிந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். “குடிக்கவாவது விடுங்க” என்றாள் மனைவி.

பண்டிதரே, நோயின்றி நூறாண்டு வாழ்க! மிதிலையில் உங்கள் மாந்தோப்பு கிளை ஒடியக் காய்க்க! ஊருக்குப் புறப்படுமுன் திங்கட்கிழமை மட்டும் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள். வாய் திறக்க வேண்டாம். உணர்வு செய்வதை மட்டும் செய்யுங்கள்: பார்த்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
உமாகாந்த உபாத்யாய்,
மற்றும் இதைக் கேட்ட பின்னும் கையொப்பமிடச் சம்மதித்த ஆசிரியர், அலுவலர் அனைவரும்